பக்கத்தில் ஆளில்லாத வண்டி

நம் ஒற்றை அறைக் காம்பிராவில் ஜன்னல் திட்டின் மேல் சீப்பும் ரிப்பனும் போட்டு வைத்திருக்கிற கோப்பையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். இரண்டு காது வைத்த கோப்பை. ஒரு காது வளைந்திருப்பது சின்னவன் தவழ்கிற வயசில் கீழே இழுத்துப் போட்டதால். போன வாரம் பெரியவள் தலைவாரிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, மாமா இதைவிடப் பெரிய கப்பு ஏன் வாங்கல?"

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த உங்கள் அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாயால் சொன்னால் அம்மா நடுவில் புகுந்து திருத்துவாள், கதை முடியாது. அதனால் எழுதித் தருகிறேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், வாத்தியாரிடம் காட்ட வேண்டாம்.

உங்கள் மாமா ஒரு காலத்தில் ஒரே ஒரு ஆள் உட்காருகிற பந்தயக் கார் ஓட்டினார். ஏணி ஏறுவது போல ஒவ்வொரு படியாக ஏறினார். கடைசிப் படி கடலுக்கு அந்தப் பக்கம், மதராசில் இருந்தது. அதில் கால் வைப்பதா வேண்டாமா என்று ஒரு காலைப் பொழுது வந்தது. அந்தக் காலையைப் பற்றிச் சொல்வதற்குத்தான் மற்றதையெல்லாம் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து கொழும்பில் கொடி மாறிய வருஷம்தான் எனக்கும் அம்மாவுக்கும் கல்யாணம். அதற்கு முந்தின மழைக்காலத்தில் அம்மா பிறந்த பூண்டுலோயாப் பக்கத்தில் காய்ச்சல் வந்து அம்மாவின் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தாய் வீட்டிலேயே. தகப்பனை ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றினார்கள். முன்னால் டிரைவர், பின்னால் நோயாளிகள், கூடப் போக இன்னொரு ஆளுக்கு இடமில்லை. அவர் ஒற்றையாகப் போனார். காய்ச்சல் மயக்கத்தில் "போயிட்டு வர்றேன்" என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பி வரவும் இல்லை.

அம்மா ஒரு தகரப் பெட்டியோடும் பத்து வயசுத் தம்பியோடும், அதாவது உங்கள் மாமாவோடும், காம்பிராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற இந்த லயத்துக்கு வந்தாள். "பொட்டி சீதனம், தம்பி இனாமா?" என்று பக்கத்துக் காம்பிராக்காரர்கள் என்னைக் கேலி செய்தார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு கண்டிப்பு. நம் வாசலைத் தாண்டுகிற யாரும் "போயிட்டு வர்றேன்" என்ற அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. நான் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது மறந்து படி இறங்கினாலும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பாள். நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போது படுகிற பாடு உங்களுக்கே தெரியும்.

இஸ்டோர் என்று நாம் சொல்கிற தேயிலை பேக்டரியில் எனக்கு இஞ்சின் ரூமில் வேலை. தேய்ந்த பேரிங்குகளைக் கழித்துப் போடுவார்கள். அதில் நாலை எடுத்து ஒரு பலகைக்கு அடியில் மாட்டி, மேல் லயத்திலிருந்து இஸ்டோர் வரைக்கும் வண்டிப் பாதையில் மாமா சறுக்கி வருவார். கொழுந்துக் கூடையோடு வருகிற பெண்கள் ஓரம் ஒதுங்கி ஏசுவார்கள். ஒருநாள் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவின் காலருகில் வந்து நின்றார்.

"டேய், ஒடம்புல எலும்பு எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாக்க ஆசையா? பிரேக்கு எங்கடா?"

"குதிகாலுதானுங்க பிரேக்கு. இன்னிக்கிப் புண்ணா இருக்குங்க, அதான் கொஞ்சம் தள்ளி நின்னுச்சு."

கண்டாக்கு ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. "பலகையில பக்கத்துல ஒருத்தர் ஒக்கார எடம் இருக்கா? விழுந்தா புடிக்க யாரு இருக்கா?" என்று அன்று பூராவும் புலம்பினாள். அவள் பார்த்தது பலகையை இல்லை, தகப்பன் ஒற்றையாகப் போன அந்த லொறியை. எனக்குப் புரிந்தது.

பதினாறு வயசில் மாமா ஹட்டனில் ஒரு கராஜில் சேர்ந்தார். கராஜ்காரர் சிங்களவர். எல்லாரும் பாஸ் என்று கூப்பிடுவோம். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவருக்குப் பந்தயப் பைத்தியம். வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வண்டி கட்டினார். பழைய மோட்டார் சைக்கிள் இஞ்சினைச் சீட்டுக்குப் பின்னால் வைத்து, சங்கிலி போட்டுச் சக்கரத்தை இழுக்க வைத்தார். கதவு கிடையாது. சக்கரங்களுக்கு மேல் மட்காட் கிடையாது. நடுவில் ஒரே இருக்கை. சட்டைக்குள் நுழைவது போல மேலிருந்து உள்ளே இறங்க வேண்டும். ஓட்டப் போவது பாஸ்தான் என்றுதான் பேச்சு. எல்லாம் முடிந்து பெயின்டும் காய்ந்த பிறகு பாஸ் உள்ளே இறங்கினார். இடுப்போடு நின்றுவிட்டார். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. மாமாவும் இன்னும் இரண்டு பேரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

பாஸ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார், பிறகு மாமாவின் ஒல்லி இடுப்பைப் பார்த்தார். "மல்லி, நீ உள்ள எறங்கு" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அப்படித்தான் மாமா டிரைவர் ஆனார்.

ஏணி என்று சொன்னேன் அல்லவா, அதை உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். முதல் படி, நேரான ரோட்டில் ஒவ்வொருத்தராக ஓட்டி நேரம் பார்ப்பது. அதில் மாமா சீக்கிரமே தேறினார். அடுத்த படி நுவரெலியா மலையேற்றம். சித்திரை மாசத்தில் துரைமார் கூடாரம் போட்டுக் கூடுகிற காலத்தில் நடக்கும். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிற ஒடுக்கமான ரோட்டில் ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். அதற்கு மேலே, கடலோரத்தில் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் பல வண்டிகள் ஒன்றாக ஓடுகிற வட்டப் பந்தயம். அதற்கும் மேலே மதராஸ்.

மாமாவின் முதல் மலையேற்றத்துக்கு நானும் போனேன். ஸ்பேனர் பெட்டி தூக்குவது என் பொறுப்பு. முந்தின சாயங்காலம் அம்மா என் கையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த மாலை ஒன்றைக் கொடுத்தாள்.

"இஸ்டோருக்குள்ள ரோதை முனிகிட்ட வச்சி எடுத்துக்கிட்டுப் போங்க. ரோதை சுத்துற எடமெல்லாம் அதோட காவல்தான். வண்டி மூக்குல கட்டிருங்க."

ரோதை என்றால் சக்கரம். இஸ்டோரில் எத்தனை சக்கரம் சுற்றுகிறதோ அத்தனைக்கும் முனிதான் காவல் என்று நாம் கும்பிடுவது உங்களுக்குத் தெரியும். கொழுந்து லொறிக்கு வருஷா வருஷம் அப்படித்தான் மாலை கட்டுகிறோம். நானும் லொறிக்குக் கட்டுகிற மாதிரியே, தாராளமாகத் தொங்கவிட்டுக் கட்டினேன். லொறிக்கு மட்காட் உண்டு, இந்த வண்டிக்கு இல்லை என்பது எனக்கோ அம்மாவுக்கோ மாமாவுக்கோ தோன்றவில்லை. பாஸும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கொடி இறங்கியது. மாமா பாய்ந்தார். இரண்டாவது வளைவில் மாலை ஆடி முன்சக்கரத்துக்குப் போய்விட்டது. சக்கரம் அதை அள்ளி அரைத்து, சாறும் மிளகாய் விதையுமாக மாமா முகத்தில் எறிந்தது. கண்ணாடியை அவர் நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணில் தண்ணீர் ஓட ஓட உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். நேரம் பார்க்கிற வெள்ளைக்காரத் துரை குனிந்து பார்த்து, பையன் சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தாராம்.

நான் மூச்சு வாங்க ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மாமா ரோட்டோரக் கானில் ஓடுகிற தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "மச்சான், ஊரு கண்ணு படக்கூடாதுன்னு கட்டுனீங்க. என் கண்ணுல பட்டுருச்சு!"

அந்த அளவு வண்டிகளின் வகுப்பில் அவர் மூன்றாவதாக வந்திருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சட்டென்று கேட்டாள்:

"ரெண்டு கண்ணையும் தொறந்திருந்தா?"

"மொதல்ல வந்திருப்பேன்கா."

அம்மா அவர் கண்ணுக்குத் தேங்காய்ப் பால் விட்டாள். அடுத்த வருஷம் மாலை கோக்கவில்லை. ஒரே ஒரு பழம் கொடுத்தாள், சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படுவதற்கு. அந்த வருஷம் மாமா முதலாவது. நீங்கள் சீப்பு போடுகிற கோப்பை அதுதான். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரிசி அளக்கவும் ஆகாது, தண்ணி குடிக்கவும் ஆகாது" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் லயத்தில் ஒரு காம்பிரா விடாமல் கொண்டுபோய்க் காட்டியது அவள்தான்.

இத்தனைக்கும் அவள் ஒரு பந்தயத்தையும் போய்ப் பார்த்ததில்லை. வண்டியைத் தொட்டதும் இல்லை. "பக்கத்துல ஒரு ஆளுக்கு எடமில்லாத வண்டி என்னா வண்டி? நீங்களே பாத்துட்டு வாங்க" என்பாள். பந்தய நாளில் மாமா வாசலில் நின்று "அக்கா, போயிட்டு வர்றேன்" என்று சொன்னால், "வா" என்று ஒரு வார்த்தை. அவர் திரும்பி வரும்வரை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே இருப்பாள். அந்த நாட்களில் அவள் கூடையில் எடை கூடும் என்று கங்காணி சொல்வார்.

ஓடுதளப் பந்தயம் மாமாவுக்கு முதலில் ஒத்துவரவில்லை. "மலையில ரோடு எங்க திரும்பும்னு காலுக்கே தெரியும் மச்சான். அங்க பூரா வெட்டவெளி. காத்து எங்கேருந்து தள்ளுதுன்னே தெரியல" என்றார். முதல் தடவை கடைசிக்கு முந்தினவர். பிறகு பழகினார். ஒரு வருஷம் இரண்டாவதாக வந்தார். அதைப் பார்த்துத்தான் மதராசிலிருந்து பாஸுக்கு அழைப்பு வந்தது. இலங்கையிலிருந்து சில சின்ன வண்டிகள் வரலாம், வண்டியோடு டிரைவரும் வரலாம் என்று. பாஸ் ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கே வந்துவிட்டார். நம் காம்பிரா வாசலில் நின்று, "நோனா, ஒங்க தம்பி மதராஸ் போறான்!" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். நோனா என்றால் சிங்களத்தில் அம்மணி. அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அதில் சீனி போட மறந்தாள்.

இனி எழுதப் போவது உங்களுக்குக் கொஞ்சம் சிரமம். மெதுவாகப் படியுங்கள்.

கடல் தாண்ட பாஸ்போட் வேண்டும். நம் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள், நாம் இங்கே பிறந்தவர்கள். ஆனால் கொடி மாறிய பிறகு வந்த சட்டத்தில் நாம் இந்த நாட்டுக்காரர் என்று ஆகவில்லை. இந்த நாட்டுக்காரராக ஆக்குங்கள் என்று நாங்கள் எல்லாரும் மனுப் போட்டிருந்தோம். பதில் வரவில்லை. ஹட்டனில் தொழிலாளர் சங்க ஆபீசில் இருந்த ஐயாவிடம் மாமாவும் நானும் போய்க் கேட்டோம். அவர் நல்ல மனுஷன், ஒளிக்காமல் சொன்னார்.

"தம்பி, இந்த நாட்டுப் பாஸ்போட் ஒங்களுக்குக் கிடைக்காது. கண்டியில இருக்கிற இந்தியா ஆபீசுக்குப் போனா இந்தியாப் பாஸ்போட் எடுக்கலாம். எடுத்தா மதராஸ் போயிரலாம். ஆனா எடுத்த அன்னைக்கே இங்க போட்ட மனு செத்துப் போயிரும். அதுக்கப்புறம் நீங்க இங்க இருக்கிறது விருந்தாளி மாதிரிதான். திரும்பி வர விடுவாங்களா, வந்தா எத்தனை நாளைக்கு வச்சிருப்பாங்க, அதை நான் ஒறுதியா சொல்ல முடியாது."

ரோட்டுக்கு வந்ததும் மாமா என்னைக் கேட்டார்: "நீங்க என்னா சொல்றீங்க மச்சான்?"

"ஓட்டப் போறது நீ. நான் ஸ்பேனர் தூக்குறவன்" என்றேன். அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அம்மா மட்டும் மாமாவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் மடிப்பு விழத் தேய்த்து வைத்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பெரியவள் அப்போது கைக்குழந்தை. அவளை மடியில் போட்டுக்கொண்டு மாமா சும்மா உட்கார்ந்திருப்பார்.

கண்டிக்குப் போகிற காலை வந்தது. மாமா சட்டை போட்டு, தலை சீவி, பாஸ் கொடுத்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை அவர் கையில் வைத்தாள். வழக்கம்போல அந்த வார்த்தைக்காக நின்றாள். மாமா வாயைத் திறக்கவில்லை. கீழே பாதையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

"சொல்லிட்டுப் போ" என்றாள் அம்மா.

"வருதில்லக்கா."

"என்னா வருதில்ல? கண்டிதானே, சாயந்திரம் வந்துருவே."

"சாயந்திரம் வந்துருவேன். அது இல்லக்கா. அங்க கையெழுத்து வச்சிட்டா, அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இந்த வாசல்ல நின்னு நான் சொல்றது பொய்யாப் போயிருமே. வர்றேன்னு நான் எப்புடிச் சொல்றது? வர விட்டாத்தானே வருவேன்."

சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார்.

நீங்கள் நினைப்பீர்கள், அம்மா சந்தோஷப்பட்டிருப்பாள் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"யாரு ஒன்னை நிக்கச் சொன்னா? நான் சொன்னேனா? இத்தனை வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு அனுப்பினது நீ இந்தப் படியில வந்து ஒக்காரவா? எந்திரிடா, பஸ்ஸு வந்துருச்சு!"

"நீ சொல்லலக்கா."

"அப்பறம் என்னா?"

"நீ போகாதேன்னு சொல்லாமலே இருந்தேல்ல, அதான்."

பஸ் நின்றது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. அம்மா படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேய்த்த சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா, "சட்டை கசங்குதுக்கா" என்றார். "கசங்கட்டும், இனி என்னாத்துக்கு" என்று இன்னும் அழுதாள். பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு மேளம் அடித்துவிட்டது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ் ஒன்றும் கேட்கவில்லை. மாமா கராஜுக்குள் போனதும் ஸ்பேனரை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான். வண்டி மதராசுக்குப் போனது. ஓட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு வாலிபன் வந்தான். மாமா அவனுக்கு வண்டியின் குணத்தையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். எந்த வளைவில் இது முரண்டு பிடிக்கும், சங்கிலி எப்போது தளரும் என்று, ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற மாதிரி. மரப்பெட்டியில் அடைத்து ஆணி அடிப்பதற்கு முன்னால் அம்மா கொடுத்த பழத்தைத் துணியில் முடிந்து இருக்கையில் வைத்தார். அது கண்டிக்குக் கொண்டுபோகக் கொடுத்த பழம்தான்.

வண்டி நாலாவதாக வந்தது. திரும்பி வந்த வாலிபனைப் பாஸ் நம் வீட்டுக்கே கூட்டி வந்தார். அவன் சிங்களத்தில் சொல்ல, பாஸ் தமிழில் சொன்னார்.

"மதராஸ் ஹாபர்ல பொட்டி ஒடைச்ச ஆளுங்க அந்தத் தேசிக்காய, ஒங்க எலுமிச்சம்பழத்த, பாத்தாங்களாம். அது காஞ்சி போச்சு. இவன்கிட்ட ஒண்ணும் கேக்கல. ஒருத்தன் ஓடிப்போயி புதுசா ஒண்ணு கொண்டாந்து சக்கரத்துக்குக் கீழ வச்சானாம். அதை நசுக்கின பொறகுதான் தள்ள விட்டாங்களாம்."

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அவங்க என்னா பாஷை பேசினாங்கன்னு கேளுங்க பாஸ்."

"அதையும் கேட்டேன் நோனா. ஒங்க மாதிரிதானாம்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு மாமாவைப் பார்த்து, "போயிருக்கலாம்டா நீ" என்றாள்.

மனுவுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. இப்போது இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, நம் ஆட்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பேசி முடித்திருக்கிறார்களாம். நாம் எந்தப் பக்கம் வருவோம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்வேன். மாமா நின்றது சரியா தப்பா என்று பெரியவள் கேட்பாள். அதுவும் எனக்குத் தெரியாது. மாமாவிடம் கேட்டால், "வண்டி நல்லாத்தானே ஓடுச்சு" என்பார்.

ஆனால் ஒன்று தெரியும். வண்டி திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தானாகவே ஹட்டனுக்குப் புறப்பட்டாள். பெரியவளை நான் தூக்கிக்கொண்டேன். கராஜில் வண்டி பெட்டியிலிருந்து எடுத்தபடி நின்றது. அம்மா அதைச் சுற்றி வந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, "எப்புடி எறங்குறது?" என்றாள்.

பாஸ் சத்தமாகச் சிரித்தார். மாமா கை கொடுத்தார். அம்மா சட்டைக்குள் நுழைவது போல உள்ளே இறங்கினாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். மாமா பின்னாலிருந்து தள்ள, இஞ்சின் சத்தமே இல்லாமல் வண்டி கராஜ் முற்றத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. கோழிகள் ஒதுங்கின. அம்மா நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்றதும் நான் குனிந்து, "எப்புடி இருக்கு?" என்று கேட்டேன்.

"எறுக்கமா இருக்குங்க" என்றாள். "ரெண்டு பக்கமும் யாரோ புடிச்சிக்கிட்ட மாரி இருக்கு."

உடனே இறங்கவில்லை. தலையைத் திருப்பி, பின்னால் மூச்சு வாங்கி நின்ற மாமாவிடம் கேட்டாள்:

"சித்திரைக்கு நுவரெலியாவுக்கு எந்த பஸ்ஸுடா? நானும் வர்றேன்."